ஓரத்துக் குதிரை

மாஸ்கோ கணினிக்கூடத்தின் பனிபடிந்த ஜன்னலில் வெளிச்சம் மங்குகிறது. எல்லா நகர்வுகளையும் அலசாமல், சதுரங்க வீரர் வெனியமின் லவோவிச்சின் மனம் ஒதுக்கும் நகர்வுகளைத் தானும் ஒதுக்கும்படி ரிம்மா எழுதிய நிரல் ஓடி முடிந்திருக்கிறது. பதினோரு ஆண்டுகளுக்கு முன் பட்டப்போட்டியில் அவர் தோற்ற ஆட்டத்தை, பாதியிலிருந்து அவர் பக்கம் ஆடும்படி அதற்குக் கொடுத்தார்கள். அதுவும் தோற்றுவிட்டது. அது ஒதுக்கிய நகர்வுகளின் பட்டியலில் ரிம்மாவின் பென்சில் ஓரிடத்தில் நிற்கிறது.

"குதிரையைப் பலகை ஓரத்துக்குக் கொண்டுபோயிருந்தா ஜெயிச்சிருக்குமே, வெனியமின் லவோவிச்! இதை ஏன் தள்ளுச்சு?"

அவர் வாயருகே கொண்டுபோன தேநீரைக் குடிக்காமல் வைக்கிறார். "ஓரத்துக் குதிரைக்குப் பாதி பலம்தான், அது அசிங்கம்னு உனக்குச் சொன்னது நான்தானேம்மா. அன்னைக்கு அது என் கண்ணுலயே படலை."

"நிரல்ல ஒரு வரிதான். மாத்திடறேன்."

"மாத்து," என்கிறார். அவர் விரல் பட்டியலில் அந்த நகர்வின் மேலேயே நிற்கிறது. "இன்னும் எதையெல்லாம் பார்க்காமலே தள்ளியிருக்கேனோ?"