பூரணாங்குப்பத்திலிருந்து ஃபோன்

மீன் விற்கும் பெண்கள் ஃபோனிலேயே ஆர்டர் வாங்க, நவநீதன் ஓர் ஆப் உருவாக்கியிருந்தான். காலையிலிருந்து ஒன்பதாவது முறையாகப் பூரணாங்குப்பத்து மீன்காரி குப்பு அவனைக் கூப்பிட்டாள்.

“தம்பி, சங்கரா மீனு ஆர்டரு ரெண்டு தபா வருது.”

“இன்னாக்கா நீ! எரநூறு பேரு ஆப்ப ஏத்திருக்காங்க. ஒருத்தராவது கொற சொன்னாங்களா? உனக்கு மட்டும் தெனம் ஒரு பிரச்சன!”

“அவங்க எப்டிப்பா சொல்லுவாங்க? ஆப்ப ஏத்துனவங்களுக்கு நீ சும்மா குடுத்த பிளாஸ்டிக் வாளிய வாங்கிக்கினு, அன்னிக்கே ஆப்ப அழிச்சிட்டாளுங்க.”

இதுவரை டவுன்லோடு எண்ணிக்கையை மட்டுமே பார்த்துவந்த நவநீதன், எரிச்சலோடு ஆர்டர் பட்டியலைத் திறந்தான். அந்த மாத ஆர்டர்கள் அத்தனையும் குப்புவுக்கு மட்டுமே வந்திருந்தன. பட்டியலை மறுபடி மேலிருந்து கீழ்வரை தள்ளிப் பார்த்தான்.

“தம்பி, வெச்சிட்டியா?”

“இல்லக்கா. நீயும் வெச்சிடாத. இன்னும் இன்னா இன்னா கொறன்னு சொல்லு, எழுதிக்கிறேன்.”