உடைந்திருந்த சீல்

"இந்தத் தடவையும் சீல் உடைஞ்சிருக்குங்க."

மருமகள் லிப்ஸ்டிக்கை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். நுனி லேசாகத் தேய்ந்திருந்தது. யாரோ ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

"மலிவா வாங்கினா அப்படித்தான்," என்றான் கணவன், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவளுக்குச் சுருக்கென்றது. மலிவு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறவளா அவள்? விற்கிறவன் யார், எப்போது தயாரித்தது, திட்டி எழுதினவர்கள் எதற்காகத் திட்டியிருக்கிறார்கள் என்று எல்லாம் அலசிவிட்டுத்தான் ஆர்டர் போடுவாள்.

அவளுக்குப் பல் டாக்டர் கிளினிக்கில் ரிசப்ஷன் வேலை. "பளிச்சுன்னு வரணும்" என்பது டாக்டரம்மாவின் உத்தரவு. பளிச்சென்று வருவதற்குத் தனியாகச் சம்பளம் கிடையாது. அதிலும் ஒரு முறை ஏதோ க்ரீம் போட்டு, முகம் பூசணிக்காயாக வீங்கி, வந்த வழியே திருப்பி அனுப்பப்பட்டாள். இன்னொரு தரம் அப்படி ஆனால் வேலை போய்விடும்.

அடுத்த பார்சலிலும் சீல் உடைந்திருந்தபோது விடவில்லை, பார்சல்காரருக்கே போன் போட்டாள்.

"நான் கொடுக்கறப்ப சீல் நல்லாத்தான் இருந்துச்சு மேடம். உங்க வீட்டுப் பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துதான் வாங்கினார்."

மாமனாரா?

பகலில் வீட்டில் இருப்பவர் அவர் ஒருவர்தான். அடர்ந்த மீசை, அளந்த பேச்சு. மாமியார் தவறிச் சில வருஷம் ஆகிறது. அவருக்கு எதற்கு லிப்ஸ்டிக்?

சமையலறையில் கணவனை மடக்கினாள்.

"உங்கப்பாவைக் கவனிச்சீங்களா? இந்தப் புழுக்கத்துல முழுக்கை சட்டை. சாயங்காலம் வாக்கிங் போனா திரும்பி வர மனசே வரமாட்டேங்குது. கூட நடக்கறது யாரு? எதிர் வீட்டு ரிட்டயர்டு டீச்சர்."

"சும்மா இரு."

"போன வாரம் வந்த சிவப்பு லிப்ஸ்டிக்கையே காணோம். பரிசாப் போயிருக்கும்."

குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் கணவனுக்குப் புரையேறியது.

ஞாயிற்றுக்கிழமை அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்தான். மருமகள் துணி மடிக்கிற சாக்கில் அங்கேயே நின்றாள்.

"அப்பா... உங்க மனசுல யாராவது இருந்தா சொல்லிடுங்க. நாங்க ஒண்ணும் தப்பா நினைக்க மாட்டோம்."

"என்னடா உளர்றே?"

"லிப்ஸ்டிக் விஷயம் தெரிஞ்சுபோச்சுப்பா."

பெரியவரின் காது மடல் சிவந்தது. மீசையைத் தடவினார். பேப்பரை மடித்தார், மறுபடியும் பிரித்தார்.

"யாருக்கு மாமா கொடுத்தீங்க?" மருமகளே கேட்டுவிட்டாள். குரலில் பாதி கோபம், பாதி சிரிப்பு.

"கொடுக்கறதா? நல்ல கதையா இருக்கே. மருமகள்கிட்டப் போய் லிப்ஸ்டிக்கைப் பத்தி எப்படிப் பேசறதுன்னு கூச்சப்பட்டுக்கிட்டு இருந்தது தப்பாப் போச்சு."

பட்டனைக் கழற்றி, இடது கைச் சட்டையை முழங்கை வரை சுருட்டினார்.

கையின் உள்பக்கம் கோடு கோடாக இருந்தது. ரோஸ், ஆரஞ்சு, காப்பி நிறம் என்று ஒவ்வொன்றும் வரிசையாக. பக்கத்திலேயே பேனாவால் பெயர் வேறு எழுதி வைத்திருந்தார். மணிக்கட்டை ஒட்டிய இடத்தில் மட்டும் தோல் தடித்துக் கொப்பளித்திருந்தது.

"அன்னிக்கு உன் மூஞ்சி வீங்கினதுலேருந்து எனக்கு மனசே சரியில்லை. டீச்சர்தான் சொன்னாங்க, எதையும் மூஞ்சில போடறதுக்கு முன்னாடி கையில தடவி ஒரு நாள் விட்டுப் பார்க்கணும்னு. அதான், எல்லாத்தையும் பார்த்துக்கிட்டிருக்கேன்."

மருமகள் மடித்த துணியையே மறுபடி மடித்தாள்.

"மத்ததெல்லாம் நீ தாராளமாப் போட்டுக்கம்மா. அந்தச் சிவப்பை மட்டும் நான் குப்பையில போட்டுட்டேன். எருமைத் தோல் எனக்கே இந்தப் பாடுன்னா, உன் உதடு என்னத்துக்கு ஆகும்?"