கொட்டலசு ஒட்டிய ஹெல்மெட்

தாடிக்கொம்பிலிருந்து நிறைமாத வயிற்றோடு வந்த கௌசல்யா, விலங்கியல் பேராசிரியர் அமலனின் மேஜையில் ஒரு மஞ்சள் ஹெல்மெட்டை வைத்தாள். கூட வந்த கொழுந்தன் பழனிக்குமார் வாசலோடு நின்றுகொண்டான்.

"எங்க வீட்டுக்காரரோடது சார். கப்பல்ல வேலை. இது கடல்ல கிடந்துச்சுன்னு, உள்ள எழுதியிருந்த விலாசத்துக்கு மீன்காரங்க அனுப்பியிருக்காங்க. அவரைக் கேட்டா, போன வாரம்தான் தவறி விழுந்துச்சுன்னு மெசேஜ் போடுறாரு. ஒரு வாரத்துல இம்புட்டுச் சிப்பி ஒட்டுமா?"

அமலனின் முகம் மலர்ந்தது.

"இது சிப்பி இல்லம்மா, கொட்டலசு. குட்டியா இருக்கும்போது நீந்தி வந்து, இடத்தைத் தடவித் தடவிப் பார்க்கும். நம்ம பசை ஈரத்துல ஒட்டாதுல்ல? இது முதல்ல எண்ணெய் மாதிரி ஒண்ணைக் கசியவிட்டுத் தண்ணியை விலக்கும். பிறகுதான் புரதப் பசை வரும். அது இறுகிட்டா ஆயுசுக்கும் நகராது. அப்புறம்தான் ஓடு வளரும். இதுல ஒவ்வொண்ணும் நகத்தண்டி இருக்கே, ரெண்டு மூணு மாசமாவது தண்ணியில கிடந்திருக்கணும்."

"வாங்க மதினி, போவோம்," என்றான் பழனிக்குமார்.

"செத்த இருப்பா. மூணு மாசமா சிக்னல் இல்லன்னு வாய்விட்டுப் பேசுறதே இல்ல சார், வெறும் மெசேஜ்தான். இப்ப இதுலயும் பொய்! எவளோ ஒருத்தி இருக்கா. இருக்கட்டும், பிள்ளை பொறந்தா அந்தாளுக்கு முகத்தைக்கூடக் காட்டமாட்டேன்."

பழனிக்குமார் உள்ளே வந்து அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணனை ஏசாதீங்க மதினி. அந்த மெசேஜெல்லாம் நான் போட்டது. பிள்ளை பொறக்குற வரைக்குமாவது அண்ணன் உயிரோட இருக்கட்டும்னு நினைச்சேன்."