விலகிய சிவப்பு

காலை வெயில் அச்சகத்து ஜன்னல் வழியாக ஈரத் தாள்களின்மேல் விழுகிறது. அச்சான படத்தில் வெண்ணெய் அப்பிய வாயோடு கண்ணன் நிற்கிறான். யசோதை பிரம்பை ஓங்கியிருக்கிறாள். சிவப்பு மை மட்டும் மயிரிழை விலகியதால், கோபத்தில் இறுக வேண்டிய அவள் உதடு சிரிக்கிறது. “போச்சு, அத்தனையும் வேஸ்ட்!” என்று அச்சுக்காரர் தலையில் கைவைக்கிறார். தாள் அடுக்கும் அவர் மனைவி ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறாள். “ஏங்க, நம்ம பொண்ணு மாவைக் கொட்டி மூஞ்சியெல்லாம் பூசிட்டு நின்னப்ப, நான் கரண்டியோட ஓடினேனே. அப்ப என் மூஞ்சி எப்படி இருந்துச்சு?” அவர் மனைவியைப் பார்க்கிறார்; தாளைப் பார்க்கிறார். சிவப்பைச் சரிசெய்ய எடுத்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு இயந்திரத்தை ஓடவிடுகிறார். தடதடவென்று யசோதைகள் பிரம்போடு வந்து விழுகிறார்கள், சிரித்தபடி.