ஜில்லுவின் ஏழு முட்டை

ஸ்ரீநிவாசன் சார் கையும் களவுமாக மாட்டினார்.

ஷாயிஸ்தா நொய் வாங்கிக்கொண்டு வந்து பின்பக்கக் கதவைத் திறந்தால், பக்கத்து வீட்டு மனுஷன் இவர்கள் கோழிக்கூடை முன்னால் குனிந்து நிற்கிறார். கையில் மஞ்சப்பை. சந்து கேட் திறந்து கிடந்தது.

"என்ன சார் பண்றீங்க இங்க?"

"எலி ஒண்ணு ஓடித்தும்மா. அதான் பார்த்தேன்."

"எலியை எங்க கூடைக்குள்ள ஏன் சார் தேடுறீங்க?"

அவர் பையை மறு கைக்கு மாற்றினார். புறங்கையில் ரத்தம் கசிந்தது. அடையில் உட்கார்ந்திருந்த ஜில்லு கொத்தியிருக்கிறது. நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டாள்.

"பையில என்ன?"

"ஒண்ணுமில்லம்மா." பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஷாயிஸ்தா ஜில்லுவின் வயிற்றடியில் கையை விட்டுத் தடவி எண்ணினாள். ஏழு. அவளுக்கும் ஒரு கொத்து விழுந்தது. எண்ணிக்கை சரியாக இருந்தாலும் மனசு ஆறவில்லை. சந்து கேட்டுக்குப் பூட்டு போட்டாள். கூடையையும் அவர் கண்ணில் படாமல் இருட்டு மூலைக்குத் தள்ளினாள்.

அன்றைக்குக் காலையில்தான் மதில் மேல் எட்டிப் பார்த்துக் கேட்டிருந்தார். "ஏம்மா, வெள்ளையா இருக்கே. கடை முட்டையா?"

"ஆமா சார். வெச்சு நாலு நாள் ஆச்சு. உங்களுக்கு என்ன அதனால?"

அப்படியே உள்ளே போனவர், சாயங்காலம் மஞ்சப்பையோடு வந்து நின்றால் என்ன அர்த்தம்?

அந்த ஆள் செய்தது கொஞ்சமா? ஒரு தடவை இவர்கள் கோழி அவர் வீட்டுத் துளசிமாடத்தடியில் முட்டை போட்டுவிட்டது. கையால் தொடுவாரா? துடைப்பத்தால் முறத்தில் தள்ளி, முறத்தை மதிலுக்கு மேல் நீட்டினார்.

அம்மா இருந்தபோது ஒரு காலத்தில் இந்தக் கொல்லையில் பதினாலு கோழி. சுல்தான் என்று ஒரு சேவல். புழு கிடைத்தால் தான் தின்னாது. கொக் கொக் என்று பெட்டைகளைக் கூப்பிட்டுக் காட்டும். நொய் போட்டால் முதலில் பெரியவள் கொத்தணும், அப்புறம்தான் மற்றதெல்லாம். வரிசை மீறினால் மண்டையில் ஒரு போடு. மத்தியானம் எல்லாம் சேர்ந்து மண்ணில் புரண்டு குளிக்கும். ஆறு மணியானால் ஒவ்வொன்றாக முருங்கை மரம் ஏறும். அம்மா கீழே நின்று எண்ணுவாள். ஒன்று குறைந்தாலும் சோறு இறங்காது அவளுக்கு.

சுல்தான் விடிகாலை நாலரைக்குக் கூவும். ஸ்ரீநிவாசன் சார் குடியிருப்போர் சங்கத்தில் புகார் எழுதிக் கொடுத்தார். அம்மா சண்டைக்குப் போகவில்லை. கீரை விற்க வரும் அங்காளம்மாளிடம் சுல்தானைத் தூக்கிக் கொடுத்தாள். "அறுத்துடாத அங்கா. உன் வூட்டுக் கோழிங்களோட இருக்கட்டும்" என்றாள். அங்காளம்மாள் அதை முந்தானைக்குள் வைத்து அனகாபுத்தூருக்குக் கொண்டு போனாள்.

அதற்கப்புறம் அம்மா அடை வைக்கவே இல்லை. ஏன் என்று ஷாயிஸ்தா கேட்டதும் இல்லை. பூனை கொஞ்சம், வயசு கொஞ்சம் என்று கோழிகள் போய்ச்சேர்ந்தன. போன ரம்ஜானுக்கு முந்தி அம்மாவும் போய்விட்டாள். மிச்சம் ஜில்லு மட்டும்தான்.

அதுதான் திடீரென்று வெறும் கூடையில் அடை உட்கார்ந்தது. அது போட்ட முட்டையையெல்லாம் அத்தா ஏற்கெனவே ஆம்லெட் போட்டுத் தின்றாகிவிட்டது. ஷாயிஸ்தா மளிகைக்கடைக்குப் போய் ஏழு முட்டை வாங்கிவந்து வைத்தாள். மறுபடியும் கொல்லை நிறையணும். அவ்வளவுதான் அவள் கணக்கு.

இருபத்தோராம் நாளும் வந்தது. மத்தியானமாகியும் ஒரு ஓடுகூட விரியவில்லை.

சாப்பிட வந்த அத்தா மைதீன் பிச்சை மெதுவாகச் சொன்னார். "பொரிக்காதும்மா. கடை முட்டைக்குச் சேவல் ஏது? அழுகிப்போகும்."

பிளஸ் டூவில் அந்தப் பாடம் வந்தபோது டீச்சர், "இதை வீட்ல படிச்சுக்கோங்க" என்று பக்கத்தைப் புரட்டிவிட்டார். வீட்டில் போய் யார் படித்தார்கள்?

"அப்பவே சொல்றதுக்கென்ன அத்தா?"

அவர் கை சோற்றிலேயே நின்றது. "தினம் கோழிகிட்டப் பேசிட்டிருந்தியா... உங்கம்மா பேசுற மாதிரியே கேட்டுச்சு. நிறுத்த மனசு வரல."

ஷாயிஸ்தா எழுந்து கொல்லைக்குப் போனாள். ஜில்லு இளைத்து, கொண்டை வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தது. இன்னொரு அடை இதற்குத் தாங்காது. அம்மாவின் பதினாலும் இத்தோடு சரி. ஜில்லுவை இறக்கிவிட்டு, கூடையைக் குப்பையில் கொட்டத் தூக்கினாள்.

"கொட்டாதேம்மா. கீழ வை." மதில் மேல் ஸ்ரீநிவாசன் சார் தலை.

"அழுகின முட்டை சார். நாத்தம்னு அதுக்கும் சங்கத்துல எழுதுவீங்க."

"அழுகலை. இன்னும் நாலு நாள் இருக்கு."

"எனக்கு எண்ணத் தெரியும் சார். இன்னைக்கு இருபத்தொண்ணு."

"பதினேழு."

சொன்ன பிறகுதான் வாயைவிட்டுவிட்டது அவருக்கே உறைத்தது போலிருந்தது. ஷாயிஸ்தா கூடையை வெயிலில் சாய்த்துப் பார்த்தாள். வெள்ளை முட்டை ஒன்றுகூட இல்லை. ஏழும் சின்னச் சின்னதாக, டீத்தண்ணி நிறத்தில்.

"அங்காளம்மாள் வீட்டைக் கண்டுபிடிக்கவே மத்தியானம் ஆயிடுத்து" என்றார் அவர், துளசிமாடத்தைப் பார்த்துக்கொண்டு. "பல்லாவரத்துல பஸ் மாறி, ஏழையும் மடியிலேயே வெச்சுண்டு வந்தேன். எல்லாம் நம்ம சுல்தானோடதுதான்."

ஷாயிஸ்தா கூடையைக் கீழே வைத்தாள். ஜில்லு ஓடிவந்து ஏறி, ஒவ்வொன்றாக அலகால் இழுத்து அடியில் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தது.

அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"ஏம்மா, அதுல ஒண்ணாவது சேவலா வருமோல்லியோ? ரெண்டு வருஷமா நாலரைக்கு முழிச்சுண்டு படுத்திருக்கேன்."