ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள்

“அப்பா, இந்தப் பொம்பளைக்கு ஆயிரத்து முந்நூத்துப் பன்னண்டு பிள்ளைங்க. பேரெல்லாம் நீங்கதானே டைப் அடிச்சீங்க?”

அப்பா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மகளின் கணினித் திரையைக் குனிந்து பார்த்தார். வெள்ளை முக்காட்டுடன் ஒரு முதிய அரசி அங்கே உட்கார்ந்திருந்தாள்.

“நான்தான்,” என்றார், ஏதோ பாராட்டு வரப்போகிறது என்ற தோரணையில்.

மணி நாலு. ஆறு மணிக்கு விளையாட்டை வெளியிட்டாக வேண்டும். பகலெல்லாம் கண்ணாடிக் கடையில் ஊரார் பார்வையை அளப்பவள், மிச்ச நேரத்தை மூன்று வருஷமாக இதற்குத்தான் கொட்டியிருந்தாள். ஒரு பழைய போர் விளையாட்டைப் பிரித்துப் போட்டு, ஐந்நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய வாரிசுப் போர்கள் அதில் நடக்கும்படி மாற்றிக் கட்டும் வேலை. சம்பளம் கிடையாது. கூட உழைக்கும் பத்துப் பேரும் பத்து ஊர்களில் இருக்கும் ரசிகர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. வெளியீட்டை ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப் போட்டாயிற்று. இன்றும் தள்ளினால் விலகிக்கொள்வதாக நான்கு பேர் எழுதிவிட்டார்கள். நான்கு பேர் போனால் இந்த விளையாட்டு அதோடு சரி.

எல்லாம் இந்த அரசியால் வந்த வினை. யார் எந்த நாட்டை எடுத்து ஆடினாலும், அவள் சாகும் நாளில் விளையாட்டு அப்படியே நின்றுவிடும். மூன்று நாளாக நிரலைச் சல்லடை போட்டுச் சலித்தும் பிழை அகப்படவில்லை. இப்போதுதான் வம்சாவளிப் பட்டியலைத் திறந்து பார்த்தாள். அரசி கண்ணை மூடியதும் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்குத் துக்கச் செய்தி போகிறது. அத்தனை பேரும் அதே நொடியில் அரியணைக்கு உரிமை கோருகிறார்கள். எந்தக் கணினி தாங்கும்?

“இதுல நாப்பது பேர் அந்தம்மாவை விட வயசுல மூத்தவங்க. அடிச்சுக்கற ரெண்டு ராஜாவும் அவ பிள்ளைங்க. போதாக்குறைக்கு அவ புருஷனுக்கும் அவதான் அம்மா.”

“அவருக்கும் அம்மா பேர்க் கட்டம் காலியாத்தான் இருந்துது,” என்றார் அப்பா.

அவள் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். ஓய்வு பெற்றபின் பொழுது போகாமல் வீட்டை அளந்துகொண்டிருந்த மனிதரிடம் இந்த வேலையைக் கொடுத்ததே அவள்தான். தெரியாத கட்டத்தைக் காலியாக விட்டுவிடுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அந்தக் காலத்து ஏடுகளில் அப்பன் பெயர் இருக்கும், அவன் ஏறிய குதிரையின் பெயர்கூட இருக்கும். பெற்றவள் பெயரைத்தான் பாதிப் பேருக்கு எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

அப்பாவோ பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் முப்பத்து நாலு வருஷம் குப்பை கொட்டியவர். தாய் பெயர் இல்லாத படிவத்தை அங்கே முடிக்க முடியாதாம். நிலுவை அலமாரிக்குப் போய்விடுமாம். அங்கே போன பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடமும் சேர்த்துக்கொள்ளாதாம். அவர் நிதானமாக விளக்கிக்கொண்டே போனார்.

“இவங்க செத்து ஐந்நூறு வருஷமாச்சு. எந்தப் பள்ளிக்கூடத்துல சேரப் போறாங்க?”

“அதுக்காக, அம்மா இல்லாமலா பொறந்தாங்க?”

“சரி, ஏன் இவளை?”

“வரிசையில முதல் பேரு. முகத்துலயும் ஒரு களை இருந்துது.”

அப்பாவும் பெண்ணும் பஞ்சாயத்தை முடிக்கப் போகிறீர்களா, டீயை மறுபடி சுட வைக்கட்டுமா என்று சமையலறையிலிருந்து அம்மா கேட்டாள்.

குழுவிலிருந்து செய்தி மேல் செய்தி வந்துகொண்டிருந்தது. அங்கே அவளுக்குத் ‘தணிக்கை’ என்று பெயர். ஒரு வில்லாளியின் சட்டையில் பொத்தான் பத்து வருஷம் முந்தி வந்துவிட்டது என்று படத்தைத் திருப்பி அனுப்பியவள். அப்படிப்பட்டவள் வீட்டுக்குள்ளேயே இப்படி ஒரு பித்தலாட்டம். நல்லவேளையாக, ஒரே கட்டளையில் எல்லாத் தாய் பெயரையும் காலியாக்கிவிடலாம். அதை எழுதியும் முடித்தாள். தட்ட வேண்டியதுதான் பாக்கி. ஆனால் ஆத்திரம் அடங்கவில்லை.

“இதே வேலையை ஆபீஸ்ல செஞ்சிருந்தா உங்களை வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க.”

“அனுப்பியிருப்பாங்க. கண்டுபிடிக்கலை.”

அவள் நாற்காலியைத் திருப்பினாள். “செஞ்சிருக்கீங்களா?”

“ஒரே ஒரு தடவை.” இப்போது அப்பாவுக்கும் கோபம் ஏறியிருந்தது. “ஆஸ்பத்திரியில விட்டுட்டுப் போன பிள்ளை. படிவம் மூணு மாசமா நிலுவையில கிடக்கு. அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அதுதான் மேல இருக்கும். ஒருநாள் எடுத்து, உங்கம்மா பேரை எழுதி முடிச்சுட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் அவகிட்டயே சொன்னேன். மறுநாள் ரெண்டு பேருமாப் போய் உன்னைத் தூக்கிட்டு வந்தோம்.”

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே புரிந்தது.

ஐந்தே முக்காலுக்கு அவள், எழுதி வைத்திருந்த கட்டளையை அழித்தாள். பிள்ளைகள் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேரையும் அப்படியே விட்டுவிட்டு, அரசியின் இறந்த தேதியைக் காலியாக்கிச் சேமித்தாள்.