ஷூட்டிங் போகாத நடிகர்

ராபர்ட்சன்பேட்டையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் வரதனால், பெண் பார்க்க வந்தவர்களிடம் தன் சினிமாப் பெருமையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மனைவி கோவிந்தம்மா கண்ஜாடை காட்டியும் பயனில்லை.

“முப்பத்திரண்டு படம் பண்ணிகீறேன். எல்லாம் ஹீரோயினுக்கு அப்பா.”

“டயலாக் நெறைய இருக்குமாண்ணா?” என்றாள் மாப்பிள்ளையின் அம்மா வெங்கடம்மா.

“எனுக்கு ஒண்ணும் இல்ல. ஹீரோயின் வந்து என்னாண்ட நின்னு அழுவும்.”

“நீங்க ஷூட்டிங் போய்ட்டா கடைய யாரு பாத்துக்கறாங்க?”

“ஷூட்டிங்கா? ஒரு நாளும் போனதில்ல.”

வெங்கடம்மா காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். “போவாமலே நடிச்சாராம். இப்டிப் புளுவற வூட்ல சம்பந்தம் இன்னாத்துக்கு? வாடா அனில்.”

“வேணாங்க, நல்ல நாளும் அதுவுமா” என்று கோவிந்தம்மா தடுக்கத் தடுக்க, கட்டிலுக்கு அடியிலிருந்து பெரிய பிரேம் ஒன்றை இழுத்தார் வரதன். தன்னைத் தானே எடுத்துக்கொண்ட போட்டோ. நெற்றியில் குங்குமம், பிரேமைச் சுற்றிச் சந்தன மாலை.

“படத்துக்குப் படம் இதத்தான் அனுப்புவேன்.”

வெங்கடம்மா போட்டோவையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தாள். “அட, உங்களுக்காவ நானே நாலு தபா அழுதுகீறேன்.”

மறுபடி உட்கார்ந்தாள்.

“பொண்ணு புடிச்சிருக்கு. ஆனா கல்யாணத்துக்கு நேர்ல வரணும்ணா. போட்டோவ அனுப்பிடாதீங்க.”